கபில நிறம் வந்த வழி

தரம் ஒன்பதில் இருந்தபோது நாங்கள் ஐந்து பேர் ஒரே நீர்வர்ணப் பெட்டியைப் பாவித்தோம். பன்னிரண்டு நிறக் கட்டிகள் கொண்ட சின்னப் பெட்டி. ஊதாக் கட்டி வருட முடிவிலும் புதிது போலவே இருக்கும். வெள்ளையை யாரும் தேடுவதில்லை. முதலாம் தவணை முடியுமுன்பே அடி தெரியத் தொடங்குவது கபில நிறம்தான். தென்னை மரத்தின் தண்டு, வேலி, தோணி, மலை, குடிசை, பாதை, மாடு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கட்டியே.

அது தீர்ந்த நாளில் டீச்சரிடம் போய் நின்றேன். "தீர்ந்தா என்ன மகள், சிவப்போட கொஞ்சம் பச்சையைச் சேருங்க" என்றார். சேர்த்தேன். கலங்கல் தண்ணீர் போல ஒன்று வந்தது. இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்ததும் உண்மையாகவே கபிலமாகிவிட்டது. "டீச்சர், பெட்டி இல்லாத காலத்துல ஆக்கள் கபிலத்துக்கு எங்க போனாங்க?" என்று கேட்டேன். "தேடிப் பாருங்க, கிடைச்சா எழுதித் தாங்க" என்றார். இரண்டு வருடம் பிந்தித்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வானவில்லில் கபிலம் இல்லை. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போனாலும் அது எங்கும் வராது. ஏனென்றால் கபிலம் என்பது மங்கலான செம்மஞ்சள். ஒரு செம்மஞ்சள் நிறம், தன்னைச் சுற்றியிருப்பவற்றைவிட மிகவும் மங்கலாக இருக்கும்போது நம் கண் அதைக் கபிலம் என்று வாசிக்கிறது. கறுப்புக் கடதாசியைக் குழல் போலச் சுருட்டி, சுற்றிலும் உள்ள எதுவும் தெரியாதபடி, நல்ல வெளிச்சத்தில் வைத்த ஒரு கபிலத் துண்டை அதனூடாகப் பாருங்கள். மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். அக்கம்பக்கம் இருந்தால்தான் கபிலம் கபிலமாக இருக்கிறது.

ஓவியருக்கோ இந்தக் கதை தேவைப்படவில்லை. அவருக்குக் கபிலம் காலடியிலேயே கிடந்தது.

தென்னாபிரிக்காவின் தென்கரையில் புளொம்போஸ் என்றொரு குகை உண்டு. அங்கே இரண்டு பெரிய கடற்சிப்பி ஓடுகள் கிடைத்தன. அவற்றுக்குள் அரைத்த காவிக்கல், எலும்புத் தூள், கரித்துண்டுகள் ஆகியவை கலந்து காய்ந்துபோயிருந்தன. பக்கத்தில் அரைக்கும் கற்களும் இருந்தன. சுமார் 100,000 ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒருவர் வர்ணம் குழைத்த இடம் அது. 2011இல்தான் அக்கண்டுபிடிப்பு ஆய்விதழில் வெளிவந்தது. அதே குகையிலிருந்து எடுத்த ஒரு கல்லில் காவிக்கல்லால் கீறிய குறுக்கு நெடுக்குக் கோடுகள் இருந்ததும், அவற்றின் வயது ஏறத்தாழ 73,000 ஆண்டுகள் என்பதும் 2018இல் அறிவிக்கப்பட்டன. சிப்பி ஓட்டில் வர்ணம் குழைப்பது எங்களுக்கும் தெரிந்த வேலைதான். கடற்கரையில் விளையாடும் எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும்.

பிரான்சிலுள்ள லாஸ்கோ குகையின் காளைகளும் குதிரைகளும் 1940இல் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றின் மஞ்சளும் சிவப்பும் கபிலமும் இரும்பு கலந்த மண்ணிலிருந்து வந்தவை. கறுப்பில் மங்கனீசு இருக்கிறது. இத்தனை ஆயிரம் ஆண்டுகள் அந்த நிறங்கள் போகாமல் இருப்பதைப் பற்றி வாசித்தபோது ஒன்று தோன்றியது. இரும்பு கெட்டுப்போனால் துரு வரும். இந்த மண் நிறங்களோ ஆரம்பத்திலிருந்தே துரு. துருப்பிடித்து முடிந்த பொருள் அதற்கு மேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது? வெயிலுக்கும் அது வெளிறுவதில்லை. நம் நாட்டில் சீகிரியாவின் ஐந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களிலும் சிவப்பு மண், மஞ்சள் மண், பச்சை மண் ஆகியவையே முக்கிய நிறங்கள்.

மண் நிறங்களைப் பற்றி நான் வாசித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் சொல்வது. 1400ஆம் ஆண்டளவில் அவர் ஓவியத் தொழில் பற்றி ஒரு கைநூல் எழுதினார். எந்த நிறத்தை எப்படி அரைப்பது, எந்த மிருகத்தின் மயிரில் தூரிகை கட்டுவது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நடுவில் திடீரென்று தன் சிறுவயது ஞாபகம் ஒன்றைச் சொல்கிறார். தகப்பன் அவரைக் கொல்லே என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலைச்சரிவுக்குக் கூட்டிப்போகிறார். மண்வெட்டியால் சுரண்டிப் பார்க்கும்போது மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பல நிறங்கள் மண்ணில் கோடு கோடாக ஓடுகின்றன. மனிதரின் முகத்தில் உள்ள தழும்பு போல அது இருந்தது என்கிறார். கத்தியால் சுரண்டி அங்கேயே பரீட்சித்துப் பார்க்கிறார். கைநூல் எழுதுகிறவர் வாப்பாவின் ஞாபகத்தைக் கொண்டுவந்து வைத்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பகுதியில் சியேனா என்றொரு நகரம் உண்டு. அதன் பெயரிலேயே ஒரு மண் நிறம் உலகமெங்கும் விற்கப்படுகிறது. பச்சைச் சியேனா என்பது மஞ்சள் கலந்த கபிலம். சுட்ட சியேனா என்பது செங்கபிலம். இன்னொன்று அம்பர். இது சியேனாவைவிட இருண்டது, ஏனென்றால் இதில் மங்கனீசு ஒட்சைட்டு அதிகம். பேர்போன அம்பர் சைப்பிரஸ் தீவிலிருந்து வந்தது. இதன் பெயர் இத்தாலியின் உம்பிரியா பிரதேசத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. நிழல் என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது.

பச்சை, சுட்டது என்று ஏன் சொல்கிறார்கள்? மஞ்சள் மண்ணில் இரும்பு ஒட்சைட்டோடு தண்ணீரும் சேர்ந்து பிணைந்திருக்கிறது. சூடாக்கும்போது அந்தத் தண்ணீர் வெளியேறிவிடும். எஞ்சுவது சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. செங்கல் சூளையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இதைச் செய்து பார்க்காமல் எழுதக்கூடாது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் கிணறு வெட்டினார்கள். பத்தடிக்குக் கீழே நல்ல மஞ்சள் களி வந்தது. ஒரு வாளி கேட்டு வாங்கினேன். அதைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலேயுள்ள கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வார்க்க வேண்டும். அதையும் அப்படியே வைத்திருந்து மீண்டும் வார்க்க வேண்டும். உம்மா கல் போக அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய வேலையல்ல. இரண்டு நாளில் கையில் ஒட்டும் மாவு போல ஒரு மண் கிடைத்தது. அதைக் காயவைத்துத் தூளாக்கி, ரொட்டி சுடும் பழைய சட்டியில் போட்டு விறகடுப்பில் வைத்தேன். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து நிறம் மாறத் தொடங்கியது. மஞ்சள் முதலில் செம்மஞ்சளானது, பின்னர் செங்கல் நிறமானது. நடுவில் கிளறாமல் விட்ட இடம் மட்டும் இரண்டுங்கெட்டானாகக் கபிலமாகவே நின்றது. அதுதான் அழகாக இருந்தது. சட்டியைப் பற்றி உம்மா சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் எண்ணெய்வர்ணம் பெருகியபோது கபிலத்துக்குத் தனி மதிப்பு வந்தது. காரவாஜியோவும் (1571–1610) ரெம்பிரான்டும் (1606–1669) இருட்டிலிருந்து முகங்களை எடுத்துக் காட்டியவர்கள். அந்த இருட்டில் பெரும்பங்கு மண் நிறங்கள். படத்தின் அடிப்பூச்சையே கபிலமாகப் பூசிவிட்டு, வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் மேலே கட்டி எழுப்புவார்கள். அம்பரில் உள்ள மங்கனீசுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது எண்ணெயை விரைவாகக் காயவைக்கும். அடிப்பூச்சு சீக்கிரம் காய்ந்தால்தானே மேலே வேலை செய்யலாம்? ஆகவே அம்பரைப் பாவித்தது நிறத்துக்காக மட்டுமல்ல, நேரத்துக்காகவும்தான். வான் டைக் கபிலம் என்று இன்றைக்கும் ஒரு நிறம் விற்கிறார்கள். அது ஜேர்மனியின் கசல், கொலோன் பகுதிகளில் தோண்டிய பழுப்பு நிலக்கரி மண். ஓவியர் வான் டைக்கின் பெயரைப் பிற்காலத்தில்தான் அதற்குச் சூட்டினார்கள். அது கொஞ்சம் வெளிறும். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

புகையிலிருந்தும் கபிலம் வந்தது. பீச் மரத்தின் விறகு எரித்த புகைக்கூண்டில் படியும் கரியைத் தண்ணீரில் அவித்து வடிகட்டினால் மஞ்சள் கலந்த கபில மை கிடைக்கும். அதற்கு பிஸ்டர் என்று பெயர். பேனாவால் கோடு கீறி, தூரிகையால் நிழல் பூச அது நல்லது. பழைய சித்திரங்களில் நாம் பார்க்கும் கபிலக் கோடுகள் எல்லாம் பிஸ்டர் அல்ல. இரும்புச் சத்தும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்துச் செய்த மையால் எழுதியவை பல. அந்த மை எழுதும்போது கறுப்பு. நூறு, இருநூறு வருடங்களில் கபிலமாகிவிடுகிறது. பழைய கடிதங்களின் நிறம் அழகு என்று நாங்கள் தேயிலைச் சாயத்தில் கடதாசியை நனைத்து விளையாடுகிறோம். எழுதியவர் கண்டது வேறு நிறம்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

மூமியா என்பது பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்த சொல். பாரசீகத்தில் 'மூம்' என்றால் மெழுகு. பாரசீகத்தின் தாராப்கிர்த் மலைப் பக்கம் பாறையிலிருந்து கசியும் கருந்தார் போன்ற ஒரு பொருளே மூமியா. எலும்பு முறிவுக்கும் அடிபட்ட காயத்துக்கும் அதை மருந்தாகக் கொடுத்தார்கள். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலிலும் அது இடம்பெறுகிறது. அரிதான பொருள், ஆகவே விலையும் அதிகம்.

எகிப்தில் பழங்காலத்து மனிதர் தம் இறந்தவர்களின் உடலுக்குப் பிசின்களும் எண்ணெய்களும், சில வேளைகளில் தாரும் பூசிப் பாதுகாத்தார்கள். காலப்போக்கில் அவை கறுத்துப் போயின. பார்ப்பதற்கு அந்த மலைத் தாரைப் போலவே இருந்தன. பக்தாதைச் சேர்ந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் (1162–1231) எகிப்தில் சில காலம் தங்கியிருந்தார். 1200ஆம் ஆண்டையொட்டி அங்கு ஏற்பட்ட பஞ்சத்தையும் நேரில் கண்டு எழுதியவர். இறந்தவர்களின் மண்டையோட்டிலும் வயிற்றிலும் காணப்படும் இந்தக் கறுப்புப் பொருளை நாட்டுப்புற மக்கள் நகரத்துக்குக் கொண்டுவந்து மலிவாக விற்றார்கள் என்றும், தானே அரைத் திர்ஹத்துக்கு மூன்று தலைகள் நிறைய வாங்கியதாகவும் குறித்திருக்கிறார். உண்மையான மூமியா மலையிலிருந்து வருவது என்றும் அவர் பிரித்துச் சொல்கிறார். அப்படிப் பிரித்துச் சொன்னதை ஐரோப்பாவில் கேட்கவில்லை. சொல் மொழிபெயர்ந்து போனபோது தாரின் பெயர் உடலின் பெயராகிவிட்டது. 'மம்மி' என்று இன்று உலகம் சொல்வது இதைத்தான்.

பிறகு உடலையே மருந்தென்று தின்றார்கள். ஐரோப்பிய மருந்துக்கடைகளில் மூமியா விற்றது. 1564இல் அலெக்சாந்திரியாவுக்குப் போன ஒரு பிரெஞ்சு மருத்துவர், அங்கே ஒரு வியாபாரி அண்மையில் இறந்தவர்களின் உடல்களையே பழைய மம்மி போலச் செய்து அடுக்கி வைத்திருந்ததைக் கண்டார். இதை அவரிடமிருந்து கேட்டு எழுதி, அந்த மருந்தையே கண்டித்தவர் அம்புறுவாஸ் பாரே என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். அக்காலத்தில் மருந்தும் வர்ணமும் ஒரே கடையில்தான் விற்பனையாகின. மருந்துக்கென்று வந்த தூள் எண்ணெயோடு சேர்ந்து ஓவியரின் பலகைக்குப் போக அதிக தூரம் இல்லை. அம்பருக்கும் சுட்ட அம்பருக்கும் இடைப்பட்ட, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு கபிலம். நிழலுக்கும் மனிதத் தோலின் நிறத்துக்கும் அது பொருத்தம் என்று சொன்னார்கள். மனிதத் தோலைத் தீட்ட மனித உடல்.

டியூபின் மேல் 'மம்மி கபிலம்' என்று இருந்தது. யாருடைய உடல் என்று எழுத அதில் இடமில்லை. மனிதர் மட்டுமல்ல, எகிப்தியர் பதனிட்டு வைத்த பூனைகளும் அரைபட்டன.

இங்கிலாந்தின் ஓவியர் எட்வர்ட் பேர்ன்-ஜோன்ஸ் (1833–1898) இந்த நிறத்தைப் பாவித்து வந்தவர். அது வெறும் பெயர் என்றுதான் நினைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாட்டின்போது வீட்டுக்கு வந்திருந்த அல்மா-டடெமா என்ற இன்னோர் ஓவியர், வர்ண வியாபாரியின் இடத்தில் அரைக்கப்படுவதற்கு முன் ஒரு மம்மியைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். பேர்ன்-ஜோன்ஸ் முதலில் நம்பவில்லை. நம்பியதும் எழுந்து தன் வேலை அறைக்குப் போய், இருந்த ஒரே டியூபை எடுத்து வந்து, அதை அடக்கம் செய்தே ஆக வேண்டும் என்றார். தோட்டத்துப் புல்லில் ஒரு குழி தோண்டினார்கள். எல்லாரும் நின்று பார்க்க அதை உள்ளே வைத்து மூடினார்கள். இடம் தெரிய வேண்டுமென்று ஒரு சிறுமி அதன் மேல் டெய்சிச் செடி ஒன்றை நட்டாள். இதை எழுதி வைத்தவர் அவருடைய மனைவி ஜோர்ஜியானா. அவ்வீட்டுக்கு வந்துபோகும் மருமகனான எழுத்தாளர் றட்யார்ட் கிப்ளிங்கும் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது பலருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு டியூபுக்கு மையத்து அடக்கமா என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் எங்கள் உம்மம்மா மௌத்தானபோது குளிப்பாட்டும் இடத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க என்னையும் நிற்கவைத்தார்கள். தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும் என்று பெரிய மாமி தன் புறங்கையில் ஊற்றிப் பார்த்தார். நான் வாளியைச் சத்தமாக வைத்துவிட்டேன். "மெதுவா மகள், அவங்களுக்கு நோகும்" என்றார். உயிர் போய் ஆறு மணித்தியாலம். ஆனாலும் அப்படித்தான் சொன்னார், அங்கே நின்ற யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அந்தக் குரல் என் காதில் இருக்கும்போது உரலையும் உலக்கையையும் பற்றி நான் எப்படி வாசிப்பது?

என் தோழி ஒருத்தி விவாதத்தில் கெட்டிக்காரி. "மூவாயிரம் வருஷத்துக்குப் பிறகு யாருக்கு நோகப்போகுது? அரைச்சது பிழையெண்டா நூதனசாலையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு டிக்கட் விற்கிறது மட்டும் சரியா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. அவள் கேட்டதை இங்கே எழுதிவிடுவதாக வாக்குக் கொடுத்தேன், எழுதிவிட்டேன்.

இந்த நிறம் எப்படி ஒழிந்தது என்று கேட்டால், மனச்சாட்சியைவிடத் தட்டுப்பாடுதான் காரணம் என்று தோன்றுகிறது. லண்டனின் றொபேர்சன் என்ற பழைய வர்ண நிறுவனத்தின் தலைவர், மம்மிகள் தீர்ந்துவிட்டன, எங்காவது ஒன்றிரண்டு கைகால்கள் கிடக்கலாம், ஆனால் வர்ணம் செய்யப் போதாது என்று ஒரு சஞ்சிகைக்குச் சொன்னது 1964இல். எங்கள் உம்மம்மா பள்ளிக்கூடம் போன காலம் அது.

மம்மியைவிட அதிகமாக ஓவியங்களைக் கெடுத்தது வெறும் தார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்கு அடுத்த நூற்றாண்டிலும் தாரைக் கபில வர்ணமாகப் பாவிப்பது நாகரிகமாகிவிட்டது. பூசியவுடன் பார்த்தால் தேன் போல மினுங்கும், ஆழமாக இருக்கும், பழைய பெரிய ஓவியர்களின் படம் போலவே தோன்றும். ஆனால் தார் ஒருபோதும் முழுதாகக் காய்வதில்லை. சூடு பட்டால் இளகும். மேலே பூசிய வர்ணம் காய்ந்து சுருங்கும்போது அடியில் உள்ளது வழுக்கிக் கொடுக்கும். கோடை காலத்தில் வற்றிய குளத்தின் சேறு வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் அப்படி வெடிக்கும். அதோடு கறுத்தும் போகும்.

இதற்குப் பெரிய உதாரணம் பாரிஸின் லூவர் நூதனசாலையில் தொங்குகிறது. ஜெரிக்கோ 1818–19இல் தீட்டிய 'மெடூசாவின் தெப்பம்'. 1816இல் மேற்கு ஆபிரிக்கக் கரையருகே மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் தரை தட்டியது. படகுகள் போதாமல், மரங்களைக் கட்டிச் செய்த ஒரு தெப்பத்தில் ஏறத்தாழ 150 பேரை ஏற்றி, பின்னர் கயிற்றை விட்டுவிட்டார்கள். பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு தெப்பம் கண்டுபிடிக்கப்பட்டபோது 15 பேரே உயிரோடு இருந்தனர். கடலோரத்து ஊர்களில் பிறந்த நமக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. ஐந்து மீற்றர் உயரமும் ஏழு மீற்றர் அகலமுமான அந்தப் படத்தில் ஜெரிக்கோ தாரைத் தாராளமாகப் பாவித்தார். நாற்பது வருடத்துக்குள் படம் கெட்டுப்போவதைக் கண்டு, 1859–60இல் அதே அளவில் ஒரு பிரதி எழுதிக்கொண்டார்கள். மூலப்படம் இன்றும் இருக்கிறது, ஆனால் அதன் இருண்ட பகுதிகளில் அவர் வரைந்த எத்தனையோ நுணுக்கங்கள் மூழ்கிவிட்டன. அவர் கொஞ்சம் மண்ணைப் பாவித்திருக்கலாம்.

கடைசியாகக் கணவாய். இதை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.

கணவாய் ஆயும்போது மைப்பை உடைந்தால் உம்மாவின் கை, கத்தி, தொட்டி எல்லாம் கறுப்பாகும். அதைத் தண்ணீரில் ஐதாக்கினால் அது கறுப்பல்ல, கபிலம் என்பது தெரியும். கணவாய்க்குக் கிரேக்க மொழியில் செபியா என்று பெயர். அந்த நிறத்தின் பெயரும் அதுவே. பழைய உரோமர் இதை எழுதும் மையாகப் பாவித்தார்கள். ஓவியத்துக்கு ஏற்ற நல்ல செபியாவைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரத்து செய்டெல்மன் பரப்பினார். மைப்பையைக் காயவைத்துத் தூளாக்கி, காரத்தில் கரைத்து வடிகட்டி, அமிலம் விட்டுப் படியவைத்து, கழுவி எடுக்க வேண்டும். இந்தப் படிகள் ஏன் தேவை என்பது, நான் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு மைப்பையிலிருந்து நேரே தொட்டு ஒரு கடற்கரையை வரைந்தபோது விளங்கியது. படம் மோசமில்லை. மணம்தான் தாங்கவில்லை. வெளித்திண்ணையில் காய வைத்தேன். காலையில் வானமும் இரண்டு தோணிகளும் இருந்தன. கீழ் மூலையைப் பூனை கொண்டுபோயிருந்தது.

பழைய புகைப்படங்களையும் செபியா என்கிறோம். அவற்றில் கணவாய் இல்லை. படத்தில் உள்ள வெள்ளியைக் கந்தகச் சேர்வையால் மாற்றியதால் வந்த நிறம் அது.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் மேரி அனிங் (1799–1847) என்றொரு பெண் இருந்தார். தச்சரின் மகள், பெரிய படிப்பு இல்லை. கரையோரக் குன்றுகள் மழையில் சரியும்போது வெளிப்படும் உயிர்ச்சுவடுகளைப் பொறுக்கி விற்றுத்தான் குடும்பம் நடந்தது. அவருக்கு அதே ஊரில் எலிசபெத் பில்பொட் என்ற தோழி. ஏறத்தாழ இருபது வயது மூத்தவர், வசதியானவர், இதே வேலையில் ஆர்வமுள்ளவர். 1820களில் கணவாயின் பழங்கால உறவான பெலெம்னைட்டு என்ற உயிரினத்தின் கல்லாய்ப் போன மைப்பைகளை அனிங் கண்டெடுத்தார். உள்ளே மை கட்டியாகக் காய்ந்திருந்தது. பில்பொட் அதைத் தூளாக்கித் தண்ணீர் சேர்த்துப் பார்த்தார். எழுதியது. 1833இல் தன் சிநேகிதி ஒருவருக்கு எழுதிய கடிதத்தோடு, பெருங்கடற் பல்லி இனம் ஒன்றின் மண்டையோட்டுச் சித்திரத்தையும் அனுப்பினார். அதே குன்றில் கிடந்த மிருகத்தை அதே குன்றில் கிடந்த மையால் வரைந்திருந்தார். இந்தப் பெண்கள் கண்டெடுத்தவற்றைப் பற்றி லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தில் ஆண்கள் கட்டுரை வாசித்தார்கள். அச்சங்கம் பெண்களை அங்கத்தவராகச் சேர்த்தது 1919இல்தான்.

2012இல் விஞ்ஞானிகள் 160 மில்லியன் ஆண்டுப் பழைமையான ஒரு மைப்பையை ஆராய்ந்தபோது, அதிலுள்ள மெலனின் இன்றைய கணவாயின் மெலனினோடு ஏறக்குறைய வித்தியாசமின்றி ஒத்திருந்ததாம். நம் தலைமயிரிலும் தோலிலும் உள்ள கபிலத்துக்கும் மெலனின்தான் காரணம்.

இன்று கடையில் வாங்கும் டியூபில் செபியா என்று இருந்தால் அது பெரும்பாலும் இரும்பு ஒட்சைட்டும் காபன் கறுப்பும் கலந்தது. வான் டைக் கபிலமும் அப்படியே. மம்மி என்ற பெயரில் யாராவது விற்றாலும் உள்ளே மண்தான். பெரும்பாலான மண் நிறங்கள் இன்று தொழிற்சாலையில் இரும்பிலிருந்து செய்யப்படுகின்றன. சோலி இல்லை, எல்லா டியூபும் ஒரே மாதிரி வரும். மலைச்சரிவுக்கு யாரும் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டியதில்லை.

நான் சுட்ட மண் இரண்டு ஜாம் போத்தல்களில் சித்திர அறை அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. 'கிணற்று மண், பச்சை' என்று ஒன்றில் எழுதியிருக்கிறேன், 'கிணற்று மண், சுட்டது' என்று மற்றதில். கீழ் வகுப்புத் தங்கைகள் கேட்காமலே எடுக்கலாம். விளாத்திப் பிசினை ஊறவைத்துச் சேர்க்க மறக்க வேண்டாம். நம் நாட்டுப் பழைய விகாரைச் சித்திரக்காரர்கள் பாவித்த பிசின் அது. பிசின் இல்லாவிட்டால் காய்ந்தபின் கடதாசியைத் தட்டினாலே எல்லாம் தூளாகக் கொட்டிவிடும். சட்டியை உம்மா திருப்பி எடுக்கவில்லை. இன்னும் மண் கிடைத்தால் கொண்டுவாருங்கள்.